பொறுப்பு ஒப்படைப்பில் சேராத நோட்டு

2023-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் 97.67 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம். அடுத்த ஆண்டு அரியலூர், 97.31. 2025-ல் பிளஸ் டூவிலும் அரியலூர்தான், 98.82. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் மாறுதல் என்றால் "என்ன தப்பு செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊர்கள் மேலே வந்ததில் எங்கள் தலைமுறைக்கும் பங்கு உண்டு, கூசாமல் சொல்வேன். அதனால்தான் ஒரு பாராட்டு விழாவில் இளம் அலுவலர் ஒருவர், "முன்னாடியெல்லாம் டேட்டா கிடையாது, தலைமையாசிரியர்கள் குத்துமதிப்பாகப் பள்ளி நடத்தினார்கள்" என்று பேசியது சுருக்கென்று தைத்தது. ஓய்வு பெற்றவர்கள் சிலர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தோம். சபை நாகரிகம் கருதி அங்கே வாய் திறக்கவில்லை.

நான் வேலையில் சேர்ந்தபோது எங்களுக்கு எல்லாமே திருச்சி. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். எங்கள் பணிப்பதிவேடுகள் இரண்டு ஊருக்கும் நடுவே அலைந்தன. 2018-ல் அரசாணை 101 வந்து மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் (டி.இ.இ.ஓ.), மெட்ரிக் பள்ளி ஆய்வாளர் (ஐ.எம்.எஸ்.) பதவிகள் போயின. 2022-ல் தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.) திரும்ப வந்தார். சென்னையில் பள்ளிக் கல்வி இயக்குநர் இருந்த இடத்துக்கு 2021-ல் ஆணையர் வந்தார், 2023-ல் பழையபடி இயக்குநர். முதன்மைக் கல்வி அலுவலர்கள் (சி.இ.ஓ.க்கள்) மாறியதற்குக் கணக்கில்லை. ஒருவர் கையெழுத்துப் பயிற்சி என்பார், அடுத்தவர் காலைத் தேர்வு என்பார். நல்லவர்களும் வந்தார்கள். தாரேஸ் அகமது கலெக்டராக இருந்தபோது பெரம்பலூரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய 'சூப்பர் 30' பயிற்சி நல்ல காரியம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது. நான் சொல்ல வந்தது கடைசி பெஞ்சுக்காரர்களைப் பற்றி.

அவர்களைப் பள்ளியில் தக்கவைக்கும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், நாங்கள் பெரிய சார் என்று அழைத்தவர். செந்துறைப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில் அவர் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியர். வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் ஒரு பிள்ளையின் பெயரையும் வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கக்கூடாது என்பது அவர் சட்டம். இதற்காகவே ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருந்தார். பிள்ளையின் பெயர், தெரு, வீட்டு அடையாளம் (புளியமரத்துக்கு எதிர்வீடு, ஓடு சரிந்திருக்கும்), தாய் தகப்பன் எந்த மாதம் எங்கே வேலைக்குப் போவார்கள். கடைசிக் கட்டத்துக்கு 'பேச்சு எடுபடுவது' என்று தலைப்பு. அதில் பாட்டி, சின்ன அத்தை, டீக்கடைக்காரர் என்று எழுதியிருப்பார். தகப்பன் என்று எழுதியது குறைவு.

முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவமும் பொதுத்தேர்வும் ஒன்றாக வரும். ஒரு பங்குனியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாரக்கணக்காக வரவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சைக்கிளில் தோப்புக்குப் போனோம். கொட்டை திருகி அவன் விரலெல்லாம் பால் பட்டுத் தோல் உரிந்திருந்தது. பெரிய சார் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே பாட்டியிடம் போய், "காலையில பொறுக்கட்டும் ஆத்தா. ஒம்பது மணிக்கு விட்டுருங்க. பரீட்சைக்கு நானே சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்படியே கூட்டிப்போனார். பையன் கணக்கில் போய்விட்டான்.

பள்ளியின் தேர்ச்சி சதவீதம் இறங்கியது, விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பெயரை அப்போதே நீக்கியிருக்கலாமே என்று அலுவலகத்தில் நேரிலும் சொன்னார்கள். தவறிய பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும், எந்தப் பாடம், மறுதேர்வுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதி, அதையே விளக்கமாக அனுப்பினார். வருந்துகிறேன் என்ற சொல்லை எழுதவே இல்லை. பையன் அக்டோபரில் தேறினான்.

அவர் ஓய்வு பெற்றபோது பொறுப்பை நான்தான் வாங்கினேன். பெஞ்ச், மேசை, பீக்கர், உடைந்த குளோப், காசோலைப் புத்தகம், பி.டி.ஏ. ரசீது எல்லாம் பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். கடைசியில் மேசை இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். "இது லிஸ்ட்ல வராதுப்பா. ஆனா மொதல்ல இதைப் படி" என்றார்.

இரண்டு மாவட்டத்திலும் நான் போன பள்ளிகளிலெல்லாம் அப்படி ஒரு நோட்டு போட்டேன். பெரம்பலூர்ப் பக்கம் பிள்ளைகளை இழுத்தவை வெங்காய அறுவடை, பருத்தி எடுப்பு, திருப்பூர் வேலை. அவற்றை விடவும் கடினம் பெண்பிள்ளைகள் விஷயம். பொங்கல் விடுமுறை முடிந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் வரவில்லை என்றால் அன்றைக்கே கிளம்பவேண்டும். ஒரு வாரம் விட்டால் கல்யாணப் பத்திரிகை அடித்துவிடுவார்கள். தாய்மாமன் பேச்சைக் கேட்பார்களா, சித்தப்பா பேச்சையா என்று தெரியாமல் அந்த வாசலில் போய் நின்று பயனில்லை.

இதுதான் நாங்கள் வைத்திருந்த டேட்டா.

இன்று முப்பது நாள் வராத பிள்ளையை டி.சி. போட்டு, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் 'காமன் பூல்' பட்டியலுக்குத் தள்ளுவது செல்போனில் முடிகிற வேலை. மெல்லக் கற்பவனை டிசம்பரிலேயே 'தனித்தேர்வராக எழுது' என்று நைசாக அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு மினிமம் மெட்டீரியல். நூறு சதவீதம் வந்தால் கேடயம், போட்டோ. மாநில முதலிடம் அறிவிப்பது பிள்ளைகளை வதைக்கிறது என்று 2017-ல் நிறுத்தினார்கள், நல்லது. மாவட்டங்களுக்கு மட்டும் முதலிடம், கடைசியிடம் ஏன் தொடர்கிறது? கடைசி வரிசைக்குப் பயந்த சி.இ.ஓ. தலைமையாசிரியரை நெருக்குகிறார், தலைமையாசிரியர் பையனை நெருக்குகிறார். பல பள்ளிகளில் தலைமையாசிரியர் பணியிடமே காலி. பொறுப்பில் இருக்கும் மூத்த ஆசிரியருக்கு, 17பி ஒழுங்கு நடவடிக்கை வராமல் ஆண்டைக் கடத்தினால் போதும் என்றிருக்கிறது. அவரை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

நான் பொறுப்பு ஒப்படைத்த அன்று, அடுத்து வந்தவர் ஹைடெக் லேப் மானிட்டர்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். நோட்டைக் கொடுத்தேன். "இதெல்லாம் எமிஸ்லயே இருக்குல்ல சார்?" என்றார். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் முகவரி இருக்கிறது, கைப்பேசி எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் போட்டால் பாதி நேரம் எடுக்க மாட்டார்கள். யார் பேச்சு எடுபடும் என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது.

வாரத்துக்கு எத்தனையோ செயல்முறைக் கடிதங்களை சி.இ.ஓ. அலுவலகங்கள் அனுப்புகின்றன. தலைமையாசிரியர் மாறும்போது ஒப்படைக்கும் பட்டியலில், பெஞ்சுக்கும் மேசைக்கும் முன்னால், வரிசை எண் ஒன்றாக இந்த நோட்டு இருக்கவேண்டும், வாங்குபவர் படித்துக் கையெழுத்திடவேண்டும் என்று இரண்டு மாவட்ட சி.இ.ஓ.க்களும் ஒரு வரி சேர்த்து அனுப்பட்டும். இதற்கு அரசாணை தேவையில்லை, நிதியும் தேவையில்லை.