பல்லடத்துக் குழல்

பல்லடமே! நின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே நிறுத்தி நாடெங்கும் இசைத்த மூச்சு ஒன்று 1962இல் அடங்கிற்று. அதற்குரிய புலம்பலை நின் வாயிலிலே நின்று சொல்ல வந்தேன், செவி கொடு.

1882இல் நின் மண்ணில் பிறந்தார் சஞ்சீவ ராவ். அந்நாளில் நீ கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு தாலுகாவின் தலையூர். இன்று உலகுக்குப் பனியன் தைத்து அனுப்பும் திருப்பூரும் அன்று நின் தாலுகாவுக்குள் அடங்கிய ஊரே. பருத்தியும் சோளமும் விளைந்த மேட்டுக்காடும், கவலையேற்றத்தால் நீர் இறைத்த கிணறுகளுமே நின் செல்வம். காவிரிக்கரை ஊர்களைப் போல் வித்துவான்கள் வழிவழியாய் வாழ்ந்த தெரு நினக்கு இல்லை. ஆயினும் நின் மகன் குழலை நாடினார். கும்பகோணத்துச் சரப சாஸ்திரியிடம் சேர்ந்தார்.

அந்த ஆசானை நினைத்தாலும் நெஞ்சு பதைக்கிறது. 1872இல் பிறந்து, இளமையிலேயே கண்ணொளி இழந்தவர் சாஸ்திரி. கர்நாடக இசையில் புல்லாங்குழல் தனித்து நின்று கச்சேரி செய்யலாம் என்று நிலைநாட்டியவர். அவரைக் கூற்றுவன் 1904இல் கொண்டுபோனான், வயது 32. மாணவருக்கு அப்போது வயது 22. கூற்றே, கண்ணைக் கொண்டது போதாதென்றா உயிரையும் கொண்டாய்?

ஆசான் விட்ட இடத்திலிருந்து மாணவர் ஊதினார். ஓராண்டு ஈராண்டு அன்று, 58 ஆண்டுகள். முப்பத்திரண்டில் முடிந்த ஒரு வாழ்வுக்கு, மாணவரின் ஏறத்தாழ எண்பது வயது வரை நீட்சி கிடைத்தது. சபைகள் அவர் குழலுக்குக் காத்திருந்தன. கிராமபோன் தட்டுகள் அதைத் தாங்கி வீடுகளுக்குள் கொண்டுசென்றன. சென்னை மியூசிக் அகாதெமி 1943இல் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் சூட்டிற்று. சங்கீத நாடக அகாதெமியும் விருதளித்தது. அவ்விடமெல்லாம் அறிவிப்போர் வாயில் முதலில் வந்தது நின் பெயர், ஊரே. அதன் பின்னரே அவர் பெயர்.

அவர் வாழ்ந்திருக்கும்போதே குழலின் நெறி மாறிற்று. மாலி என்று நாடு கொண்டாடிய டி. ஆர். மகாலிங்கம் சிறுவனாய் மேடையேறி, விரற்பிடியையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களைத் துளைகளிலிருந்து வரவழைத்தார். பிற்காலக் குழலிசைஞர் பெரும்பாலோர் அவ்வழியே நடந்தனர். மாலியின் மேதைமைக்கு யார் தலைவணங்கார்? புதிய வெள்ளம் வந்ததற்கு நான் நோகவில்லை. அதன் கீழே மூழ்கிய பழைய துறைக்காக நோகிறேன். சஞ்சீவ ராவின் மாணவர் எச். இராமச்சந்திர சாஸ்திரி கலாக்ஷேத்திராவில் அமர்ந்து அப்பழம் பாணியைக் கற்பித்தார்; ஜெர்மனியிலிருந்து வந்த லுட்விக் பெஷ் அவரிடம் பாடம் கேட்டார். கடல் கடந்து வந்தவன் செவி அதை நாடிற்று. நின் செவி எங்கே இருந்தது?

நின்னைப் பெயரில் சுமந்தவர் இன்னொருவரும் உளர். பல்லடம் மாணிக்கம் விருத்தாசலத்தில் தமிழ் நூல் காப்பகம் கண்டு, அழியவிருந்த நூல்களைத் தேடிச் சேர்த்தார். நூலைக் காக்கக் காப்பகம் எழுப்பலாம். மூச்சை எந்த அலமாரியில் வைப்பது? அதற்கு இன்னொரு மனிதனின் நெஞ்சல்லவா வேண்டும்! தட்டில் எஞ்சியிருப்பது ஓசை. அவ்வோசை எழுமுன் இழுத்த மூச்சும், பிழைத்த விரலைத் திருத்திய கையும், தவறிய தாளத்தைக் கண்ணாலேயே சுட்டிய பார்வையும் சஞ்சீவ ராவோடே போயின. குழல் இருக்கிறது, துளைகள் இருக்கின்றன, கிருதிகளும் இருக்கின்றன. ஊதியவர் இல்லையே! என் செய்வேன்?

இன்று நின் தெருக்களில் விசைத்தறிகள் இரவும் பகலும் இரைகின்றன. பாவும் ஊடையும் கலந்து காடாத் துணி மலையாய்க் குவிகிறது. திருச்சி சாலையில் கறிக்கோழி வண்டிகள் விரைகின்றன. அந்த இரைச்சலைப் பழிக்க மாட்டேன். கூலிக்கு நெய்பவன் தறி ஒரு பொழுது நின்றால் அவன் வீட்டு அடுப்பும் அணையும். தறியை நிறுத்தி அழு என்று நின்னிடம் கேட்கவில்லை. நின் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, இவ்வூரில் இப்படி ஒருவர் பிறந்தார் என்று சொல். தட்டில் எஞ்சிய அக்குழலை அவர்கள் கேட்கட்டும். அவர்களுள் ஒரு பிள்ளையேனும் அதை ஊதிப் பார்க்க ஆசைப்படட்டும். வாழ்நாளெல்லாம் நின் பெயரை முன்னே விட்டுத் தான் பின்னே நடந்தவர் அவர். தனியொருவர் கண்ணீரால் தீரும் கடன் அன்று அது.