பலாலிக்கு ஒரு வான்பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, செம்மண் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது பலாலி விமான நிலையம். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படைக்கென அமைக்கப்பட்டது இது. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறந்த எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இங்கே தரித்துச் சென்றது. அது டக்கோட்டா வகையைச் சேர்ந்தது.

டக்கோட்டாவில் ஆசனத்தை அடைவதற்கு மேடேற வேண்டும். அதன் சிறு சக்கரம் வாலின் கீழ் இருந்தமையால், நிலத்தில் நிற்கும்போதே மூக்குப் பத்துப் பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும். ஓடத் தொடங்கியதும் முதலில் வால் எழும், உடல் மட்டமாகும், பின்னரே விமானம் நிலத்தை விட்டு நீங்கும்.

சென்னையிலிருந்து நாம் ஏறிவந்த ஏ.டி.ஆர். 72 இதற்கு மாறானது. சிறு சக்கரங்கள் மூக்கின் கீழ் உள்ளமையால் நிலத்தில் மட்டமாகவே நிற்கும். வேகம் போதியதானதும் விமானி மூக்கை மெல்ல உயர்த்துகிறார். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடத் தூக்குவிசையும் கூடுகிறது, விமானம் எழுகிறது. ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ? நிலத்தை விட்டு நீங்குமுன் மூக்கை மிகையாக உயர்த்தினால் வால் ஓடுபாதையில் உராயும். வானிலே அக்கோணம் எல்லை கடந்தால், இறக்கைமேற் காற்றோட்டம் குலைந்து தூக்குவிசை சட்டெனக் குன்றும்.

இறங்குதல் இன்னும் நுட்பமானது. கீழிறங்கும் விமானம் மூக்கைக் குனிந்தே வரும் என்று பலர் எண்ணுவர். அப்படியன்று. இறங்கும் பாதையின் சாய்வு வழமையாக மூன்று பாகை; மூக்கின் சாய்வு வேறு. பெரிய ஜெற் விமானங்கள் மூக்கைச் சற்றே நிமிர்த்தியபடி கீழிறங்குவதுண்டு. நமது விமானமோ ஏறக்குறைய மட்டமாகவே வந்தது. கடல் மறைந்து பனைகள் தோன்றின. நிலத்துக்குச் சற்று மேலே மூக்குச் சிறிது நிமிர்ந்தது. பெருஞ் சக்கரங்கள் முதலிலே தொட்டன. அதன்பின் முன்சக்கரங்கள் தணிந்தன. இவை முந்தித் தொட்டால் விமானம் துள்ளும், சேதமும் நேரலாம்.

போர் நிகழ்ந்த நீண்ட ஆண்டுகளில், வடக்கே சென்னைக்குப் போகவேண்டிய யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் செல்லவேண்டியிருந்தது. நோயாளரும் முதியோரும் பட்ட பாடு கொஞ்சமன்று. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. கொள்ளைநோயால் 2020இல் நின்ற சேவை, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் தொடங்கிற்று.

இவ்வழியாகப் பயணஞ் செய்வோர் யன்னலோரத்தை விரும்பிப் பெறுக. இறக்கை மேலே அமைந்திருப்பதால் கீழேயுள்ள ஊர் மறைவின்றித் தெரியும்.