பிரிக்காத பொட்டலத்தின் விலை



நம் பிள்ளைகளின் புத்தகப்பைகளில் போக்கிமான் அட்டைகள் குடிபுகுந்து நெடுநாளாகிறது. ஓய்வு நேரத்தில் அவற்றை வைத்து விளையாடுவதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால், பழைய அட்டைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பெரும்பணம் கிடைக்கும் என்ற பேச்சு மாணவர்களிடமிருந்து பெற்றோர்களிடம் சென்று, இப்போது குடும்பச் சேமிப்பையே தொடத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

இங்கே அம்பாங் பெச்சாவில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தந்தை ஒருவர் பள்ளி முடியும் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். 1999ஆம் ஆண்டுப் போக்கிமான் பொட்டலம் ஒன்று, பிரிக்கப்படாதது, விலை 1,500 ரிங்கிட்.

“இது அசலா டீச்சர்? பையன் வாங்கச் சொல்றான். பத்து வருசத்துல பல மடங்கு விலை போகுமாம்” என்றார்.

அவருடைய மகன் ஆறாம் ஆண்டு மாணவன். மறு ஆண்டு படிவம் ஒன்றுக்குச் செல்லவேண்டியவன். சீருடைக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் எடுத்து வைத்திருந்த பணம் அது. எனவே, ‘எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் கேட்டுவரச் சொல்லி, படித்தும் விசாரித்தும் பார்த்தேன்.

முதலில் விலையைப் பற்றிச் சொல்கிறேன். போக்கிமான் அட்டைகள் 1996இல் ஜப்பானில் வெளிவந்தன. 1999இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டது. அந்த முதல் தொகுப்பில் மொத்தம் 102 அட்டைகள். ஒரு பொட்டலத்தில் 11 அட்டைகள் இருக்கும். மினுமினுக்கும் அட்டைகள் 16 வகை. ஏறக்குறைய மூன்று பொட்டலங்களில் ஒன்றில்தான் அவற்றுள் ஒன்று கிடைக்கும். எல்லாரும் தேடும் சாரிசார்ட் அந்த 16இல் ஒன்று. எல்லா வகையும் சம அளவில் அச்சிடப்பட்டதாகக் கொண்டால், 48 பொட்டலங்களுக்கு ஒன்று! ஆக, பிரிக்காத பொட்டலத்தை வாங்குபவர் உள்ளிருக்கும் அட்டைக்குப் பணம் கொடுக்கவில்லை. அது இருக்கக்கூடும் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கிறார். பிரித்த மறுகணமே அந்த நம்பிக்கைக்கும் விலையில்லை.

அந்த நம்பிக்கையிலும் ஓட்டை உண்டு. மினுமினு அட்டையில் மெல்லிய உலோகப் படலம் இருப்பதால், அது சற்றே கனமானது. வேறுபாடு ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனாலும், நுண்ணிய தராசில் அது தெரிந்துவிடும். எனவே, பலர் பொட்டலங்களை எடைபோட்டுக் கனமானவற்றைத் தாம் வைத்துக்கொண்டு, இலேசானவற்றை விற்றுவிடுகின்றனர். தனியாக விற்பனைக்கு வரும் பழைய பொட்டலம் இவ்வாறு கழிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அது போலியன்று, ஆயினும் அதன் மதிப்புக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. விற்பவர் கேட்கும் விலை வேறு. உண்மையில் விற்று முடிந்த விலை வேறு. மதிப்பை அறிய விரும்புபவர் இரண்டாவதைத்தான் பார்க்கவேண்டும்.

அடுத்து, அசலா போலியா என்னும் கேள்வி. பொட்டலத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் இயந்திரத்தால் வரிவரியாக அழுத்தி மூடப்பட்டிருக்கும். பின்புறம் நடுவில் ஒரு நீண்ட மடிப்பு இருக்கும். பிரித்து மீண்டும் ஒட்டியிருந்தால் அந்த வரிகள் நசுங்கியிருக்கும்; கோணலாக இருக்கும்; பசையின் தடம் தெரியும். எழுத்தும் நிறமும் மங்கியிருந்தால் உறையே போலியாக இருக்கலாம். முழுப் பெட்டியாயின், அதைச் சுற்றியுள்ள மெல்லிய நெகிழியில் நிறுவனத்தின் சின்னம் அச்சிடப்பட்டிருக்கும்.

எங்கள் ஊர்ப் பெயரின் பொருளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலாய்மொழியில் ‘அம்பாங்’ என்றால் அணை. ‘பெச்சா’ என்றால் உடைந்தது. 1883இல் அணை உடைந்து பழைய கோலக்குபு பட்டணம் வெள்ளத்தில் மூழ்கியது. உடைந்ததைப் பிறகு எவ்வளவு திறமையாக அடைத்தாலும், உடைந்த இடம் உடைந்த இடந்தான். கூர்ந்து நோக்கும் கண்ணுக்கு அது தெரியும்.

ஆனால், எப்போதும் தெரியுமா? இங்கேதான் நான் திகைத்துப் போனேன். லோகன் பால் என்னும் அமெரிக்க இணையப் பிரபலம், 1999ஆம் ஆண்டு முதற்பதிப்புப் பெட்டிகள் ஆறு அடங்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு பெரிய பெட்டியை 35 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கினார். அது மெய்யானது என்று பெயர்பெற்ற சரிபார்ப்பு நிறுவனம் ஒன்று முன்னரே சான்றளித்திருந்தது. 2022 ஜனவரியில் அதனைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ அட்டைகள்! விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் முன்பு யாரோ ஏமாற்றியிருந்தார்கள்.

இதனை ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் பயன்படுத்தினேன். ஆறு பெட்டிகள்; பெட்டிக்கு 36 பொட்டலங்கள்; பொட்டலத்துக்கு 11 அட்டைகள். மொத்தம் 2,376 அட்டைகள் என மாணவர்கள் விரைவாகக் கணக்கிட்டுவிட்டனர். ஒரு மாணவி மட்டும் எழுந்து, “டீச்சர், ஒன்னைக்கூடப் பார்க்காம எப்படி வாங்கினாங்க?” என்று கேட்டாள். அன்றைய பாடம் அந்தக் கேள்விதான் என்பேன்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தந்தை வந்தார். விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். இரு விளிம்புகளையும் பின்மடிப்பையும் அருகிலிருந்து படமெடுத்து அனுப்ப முடியுமா? எடை எவ்வளவு? யாரிடமிருந்து, எப்போது வாங்கினார்? விடை அன்று மாலையே வந்தது. “அசல்தான், நம்புங்கள். இன்னொருவர் காத்திருக்கிறார். இன்றிரவே பணம் போடுங்கள்.” மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

அவர் வாங்கவில்லை. அந்தப் பொட்டலம் மெய்யானதாகவே இருந்திருக்கலாம். ஆனால், கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் பிள்ளையின் பள்ளிப் பணத்தை ஒப்படைக்க வேண்டியதில்லை அல்லவா?

மகன் சில நாள் முகம் வாடியிருந்தான். தனியே அழைத்துக் கேட்டேன். “வித்துட்டா அப்பா ஓவர்டைம் செய்ய வேணாம்னு நெனச்சேன் டீச்சர்” என்றான். பேராசை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய ஒன்றின் அடியில் எவ்வளவு அன்பு இருந்திருக்கிறது! விற்பவர்கள் விலைபேசுவது இந்த அன்பையுந்தான். அன்றே அவன் தந்தையிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மகன் தோளில் கைபோட்டு அழைத்துச் சென்றார்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் மூத்த பிள்ளைகள் விட்டுச்சென்ற பழைய பொட்டலம் இருந்தால் பிரிக்காதீர்கள், ஒட்டுநாடா போடாதீர்கள், வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். எங்கே, எப்போது வாங்கியது என்பதை எழுதி உடன் வையுங்கள். திறக்கப்படாத பொட்டலங்களை ஆராய்ந்து, தரமிட்டு, நெகிழிக் கூட்டில் அடைத்துத் தரும் பி.எஸ்.ஏ போன்ற நிறுவனங்கள் உண்டு. அதற்கும் கட்டணம் உண்டு என்பதால், முதலில் கணக்குப் பாருங்கள். வாங்குவதாயின், இழந்தாலும் குடும்பம் தள்ளாடாத பணத்தில் மட்டும் வாங்குங்கள்.

ஆசிரியர்களே, பிள்ளைகள் அட்டை கொண்டுவந்தால் பறித்து மேசை இழுப்பறையில் போடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. ‘இது இவ்வளவு விலை’ என்று ஒரு மாணவன் சொன்னால், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று அன்போடு கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்க அவனும் பழகிக்கொள்வான். நாளை கைப்பேசியில் வரும் எந்த விளம்பரத்தின் முன்னும் அது அவனுக்குத் துணைநிற்கும்.