மே மாதத்துப் பகல்கள்

ஆண்டின் கடைசித் தேர்வு முடிந்து மணி அடித்ததும் பிள்ளைகள் எழுப்பும் ஆரவாரத்தை முப்பத்தோர் ஆண்டுகள் கேட்டவள் நான். அந்த ஆரவாரத்தில் கலந்துகொள்ளாத நாலைந்து பேர் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தனர். அவர்களுக்குக் கோடை விடுமுறை என்பது நீண்ட, வெறுமையான பகற்பொழுதுகளின் வரிசை. தாய் விடியுமுன் மீன்கூடையுடன் பேருந்து ஏறிவிடுவாள். தந்தை கடலிலோ கரையிலோ இருப்பார். வீட்டில் பாட்டி இருந்தால் உண்டு, இல்லையேல் பூட்டிய கதவும் தெருவுமே துணை.

பள்ளியில் கிடைக்கும் மதிய உணவு நம் மாநிலத்திற்குப் பெருமை சேர்த்த ஏற்பாடு. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியாகவும் வளர்ந்தது. ஆயினும் அது பள்ளி நாள்களுக்கான உணவு. பள்ளி பூட்டினால் அடுப்பும் அணைகிறது. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் உணவு வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆணையிட வேண்டியிருந்தது என்பதை நம்மில் பலர் மறந்திருப்போம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016-இல் வந்த திருத்தமும் இங்கே நினைக்கத்தக்கது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை அது தடுக்கிறது; ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறை நாள்களிலும், பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கையும் அளிக்கிறது. மே மாத நண்பகலில் கருவாடு காயும் மணலில் நிற்கும் பத்து வயதுச் சிறுமி உதவி செய்கிறாளா, வேலை செய்கிறாளா என்பதை வாசகர்தாம் சொல்லவேண்டும்.

எங்கள் பங்கு தூத்துக்குடிக் கடற்கரையைச் சார்ந்தது. இங்கே கோடைக்கு இன்னொரு முகமும் உண்டு. விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குச் செல்லலாகாது. முன்பு 45 நாளாக இருந்த இந்தத் தடைக்காலம் இப்போது 61 நாள். மீன்வளம் பெருகுவதற்கான நல்ல ஏற்பாடுதான், குறைகூறவில்லை. ஆனால் பள்ளியில் சோறு நிற்கும் அதே வாரங்களில் வீட்டில் வருமானமும் நின்றுவிடுகிறது. நிவாரணத் தொகை வருவதற்குள் அடகுக்கடைக்குப் போகவேண்டியவை போய்விடுகின்றன. தந்தை கையில் காசின்றி வீட்டில் இருக்கும் நாள்களில் பிள்ளைகள் வீட்டைவிட்டு விலகியே திரிவார்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

கோடை முகாம் என்ற எண்ணம் 2015-இல் எங்கள் பங்குப் பேரவைக்கு வந்தபோது, பேச்சு முழுவதும் எதைக் கற்பிப்பது என்பதைச் சுற்றியே நடந்தது. ஆங்கிலம் பேசப் பயிற்சி, கராத்தே, ஓவியம், கணினி என்று ஒரு பட்டியல். நகரத்துப் பள்ளிகளைப்போல் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கட்டணம் வாங்கி, காலை பத்து மணிமுதல் பன்னிரண்டரை வரை நடத்திவிடலாம் என்பது பெரும்பான்மையோர் கருத்து. நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள்தாம் அவர்கள். ஆயினும் அந்த ஐந்நூறு ரூபாய் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பகற்பொழுது ஒரு சுமையே அன்று. முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எந்த நேரத்தில் பிள்ளைக்கு யாரும் இல்லை என்பதே. எதைக் கற்பிப்பது என்பது அதற்குப் பின்னர்தான் வரும் என்று நான் வாதாடினேன்.

இது என் சொந்தச் சரக்கு அன்று. புனித பிலிப்பு நேரி 16-ஆம் நூற்றாண்டு உரோமையில் இளைஞர்களைத் தம் அறையில் கூட்டியது பிற்பகல் வேளையில். ஊர் ஓய்ந்து உறங்கும் அந்த நேரமே வாலிபருக்கு இடர் மிகுந்தது என்று அவர் கண்டார். புனித தொன் போஸ்கோ தூரின் நகரில் கண்ட சிறுவர்கள் கிராமங்களிலிருந்து கொத்துவேலைக்கும் கல்லுடைக்கவும் வந்தவர்கள்; அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. ஆகவே அவருடைய ஞானக்கூடமும் ஞாயிறன்றே கூடியது. சிறுவர் போடும் கூச்சலைப் பொறுக்காத அக்கம்பக்கத்தார் அவரை இடம் இடமாய்த் துரத்த, 1846-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா அன்றுதான் வால்தோக்கோவில் பினார்தி என்பவரின் தாழ்ந்த கொட்டகையில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. 1898-இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக மதுக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து விவிலியப் பள்ளி நடத்திய ஹாஸ் என்ற பாப்திஸ்து சபைப் பெண்மணியும் இந்த வரிசையில் வருகிறார். இன்று நம் சகோதர சபையார் வி.பி.எஸ். என்று நடத்தும் விடுமுறை விவிலியப் பள்ளியின் வேர்களில் அதுவும் ஒன்று. ஏன், வத்திக்கானிலேயே 2020 ஜூலையில் ஒரு பகல் முகாம் தொடங்கப்பட்டது. பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டிருக்க, அங்கே வேலை பார்ப்போரின் பிள்ளைகளைப் பகலில் யார் பார்ப்பது என்ற கேள்வியே அதற்கும் காரணம். சலேசியர் துணையோடு ஆறாம் பவுல் அரங்கிலும் தோட்டங்களிலும் நடந்த அந்த முகாமுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு காலைப் பொழுதில் நேரில் சென்று பிள்ளைகளோடு பேசினார்.

இவற்றுள் பழையவற்றைப் பேரவையில் சொன்னபோது, "டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. எனினும் பங்குத்தந்தை தலையசைத்தார். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, பன்னிரண்டு நாள், மதிய உணவு உண்டு, கட்டணம் இல்லை.

கட்டணமின்றி எப்படி நடத்துவது? நம் முன்னோரின் பிடியரிசிப் பழக்கம் கைகொடுத்தது. தவக்காலம் முழுவதும் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, ஞாயிறுதோறும் கோவில் வாசலில் உள்ள தகரத்தில் சேர்க்கவேண்டும். முகாமுக்கு வரும் பிள்ளைகளின் வீட்டாரும் சேர்த்தார்கள் என்பது முக்கியம். இலவசமாக வாங்கும் கூச்சம் அதனால் நீங்கிற்று. அன்பியங்கள் முறைவைத்துச் சமைத்தன.

முகாம் நாள் எப்படிக் கழியும் என்றால், காலையில் பாடலும் செபமும் முடிந்ததும் வெயில் ஏறும்வரை விளையாட்டு: கிளித்தட்டு, எறிபந்து, கபடி. பதினொரு மணிக்குமேல் மூன்று மணிவரை யாரும் வெயிலில் இறங்கக்கூடாது. அந்த நேரத்திற்குத்தான் விவிலியக் கதை, நாடகம், பல்லாங்குழி, பனையோலைக் கொட்டான் முடைதல். மறைக்கல்வியைத் தேர்வாக்கிப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை இரண்டாம் ஆண்டே விட்டுவிட்டோம். பரிசு வாங்கியவர்கள் எல்லாரும் பள்ளியிலும் பரிசு வாங்குகிறவர்களாகவே இருந்தார்கள்.

நாங்கள் திட்டமிடாத ஒன்று தானாக வந்தது. தடைக்காலத்தில் சும்மா இருந்த தந்தையருள் ஒருவர், மகனை அழைத்துப்போக வந்தவர், பூவரச மர நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்யத் தொடங்கினார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மறுநாள் மூவர் வந்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம் என்று காற்றின் பெயர்களை அவர்கள் சொல்ல, அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அன்றுதான் அவற்றை முழுமையாகக் கேட்டார்கள். ஒரு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டும் போட்டியும் நடந்தது. அதில் தோற்றவள் நான். தந்தையைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் சிறுவன் ஒருவன், "அது எங்க அப்பா" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லக் கேட்டேன். மற்றப் பாடங்களை மறந்தாலும் அந்த மூன்று சொற்கள் எனக்கு மறக்கவில்லை. அடுத்த ஆண்டுமுதல் இது முகாமின் ஒழுங்கில் சேர்க்கப்பட்டது. ஒழுங்கில் சேர்ந்ததும் சுவை சற்றுக் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

வளரிளம் பருவத்தினரைப் பற்றிச் சிறிது விரிவாக எழுத விரும்புகிறேன். உறுதிபூசுதல் பெற்ற மறுவாரமே மறைக்கல்வி வகுப்பிலிருந்து பிள்ளைகள் மறைந்துவிடுகிறார்கள் என்ற புலம்பலை எல்லாப் பங்குகளிலும் கேட்கிறோம். பதினைந்து வயதுப் பையனைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு பாயில் உட்காரவைத்துக் கதை சொன்னால் அவன் வருவானா? வரமாட்டான், வரவும் கூடாது. இத்தாலியப் பங்குகளில் கோடையில் 'கிரெஸ்ட்' என்று நடைபெறும் முகாம்களில், சிறுவர் குழுக்களைப் பெரிதும் நடத்துவோர் பதினைந்து, பதினாறு வயதினரே. 1906-இல் சலேசியர் தஞ்சைக்கு வந்திறங்கிய நாள்முதல் அவர்களுடைய மரபு நமக்கும் அறிமுகமானதுதான். நாங்களும் அவ்வழியே சென்றோம். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குழுவுக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா. முகாமுக்குமுன் இரண்டு நாள் அவர்களுக்குப் பயிற்சி. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது, மாலையில் வீட்டார் கையெழுத்திட்டே பிள்ளையை அழைத்துச் செல்லவேண்டும், கை ஓங்கக் கூடாது என்பன முதல் பாடங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தையும் எளிய மொழியில் விளக்குகிறோம். சிலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். "நம்ம பிள்ளைகளைச் சந்தேகப்படுறதா?" என்றார்கள். சந்தேகம் அன்று, வேலி என்று விளக்கினோம். விளங்காதவர்களுக்காகவும் விதியைத் தளர்த்தவில்லை.

அண்ணன்மாரில் ஒருவன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தான். முகாமின் எட்டாம் நாள் முடிவுகள் வெளியாயின. இரண்டு பாடங்களில் தோல்வி. அன்று அவன் வரமாட்டான் என்றே எல்லாரும் நினைத்தோம். வேறொருவரை அவன் குழுவுக்கு அமர்த்தவும் எண்ணினோம். ஒன்பதரை மணிக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. குழுப் பிள்ளைகள் தேர்வைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, "அண்ணே, ஏன் லேட்டு?" என்றுமட்டும் கேட்டார்கள். ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எறிபந்துக்கு அழைத்துப்போனான். மாலை நான்கு மணிக்குமேல் கல்லூரி மாணவியர் இருவர் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தனர். துணைத் தேர்வில் ஒரு பாடத்தில் தேறினான், மற்றதில் இல்லை. இப்போது ஐஸ் ஆலையில் வேலை பார்க்கிறான். மே மாதத்தில் பன்னிரண்டு நாளும் இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் முகாமுக்கு வருகிறான். அவன் எப்போது உறங்குகிறான் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறான்.

மூன்று ஆண்டுகளுக்குமுன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கோவில் வாசலோடு நின்றாள். இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி. உள்ளே வா என்றதற்கு, "தம்பிய யாரு பாப்பா, டீச்சர்?" என்றாள். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்பது எங்கள் விதி, காரணமுள்ள விதிதான். ஆனால் அந்த விதிப்படி நடந்தால் தம்பியோடு அக்காவும் வெளியே நிற்பாள். சமையல் முறைக்கு வந்திருந்த ஒரு தாய் எதுவும் பேசாமல் தம் பழைய சேலையை எடுத்துவந்து தாழ்வாரத்து உத்தரத்தில் தூளி கட்டினார். மறுநாள் இரண்டு தூளிகள். அந்த வாரக் கடைசியில் ஐந்து. இப்போது தாழ்வாரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே மூன்று பாட்டிமார் முறைவைத்து வருகிறார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் கருவாட்டுக் களத்துக்குச் செல்லும் தாய்மார் நிம்மதியாக இருப்பதாக, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களே வந்து சொல்கிறார்கள்.

இது போதும் என்று சொல்ல முடியவில்லை. கோடை ஐந்தாறு வாரம். முகாம் பன்னிரண்டு நாள். மற்ற நாள்களில் அதே பிள்ளைகள் அதே தெருவில்தான். மூன்று வாரமாக நீட்டலாமா என்ற பேச்சு இந்த ஆண்டுப் பேரவையில் எழுந்தது. நீட்டவேண்டாம், நண்பகலோடு முடித்துக்கொள்ளலாம், சமையல் செலவு மிச்சம் என்ற பேச்சும் உடன் எழுந்தது. கடந்த முகாமில் 118 பிள்ளைகள். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏழு செலவாயின. அவற்றுள் நான்கு பிடியரிசியில் வந்தவை. மீதி மூன்றுக்கும் பருப்பு, எண்ணெய், விறகுக்கும் நன்கொடை தேடினோம். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

எப்படியாயினும் சாம்பல் புதனன்று தகரம் வாசலுக்கு வந்துவிடும். தூளி கட்ட வழிசெய்த அந்தச் சிறுமி இம்முறை ஒரு குழுவுக்கு அக்கா. தம்பிக்கு ஐந்து வயது நிரம்பப்போகிறது. தூளிக்குப் பெரியவன், குழுவுக்குச் சிறியவன். அவனை எங்கே வைப்பது என்று இப்போதே என்னிடம் இருமுறை கேட்டுவிட்டாள்.