ஈரக்குலை

காசநோய்க்குத் தமிழ் இலக்கியத்தில் ஒரு அந்தஸ்து உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் 1948இல் அதில்தான் போனார். அதற்கப்புறம் எழுத்தாளனின் இருமலுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. வயிற்றுவலிக்கும் உண்டு. அதே புலியூரில் சமண மடத்தில் இருந்த தருமசேனருக்குச் சூலை கண்டது. கெடிலக் கரைத் திருவதிகைக்கு வந்து, அக்காள் கையால் திருநீறு வாங்கி, பாடித் தீர்ந்தது என்கிறது பெரிய புராணம். இதயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரலுக்குத்தான் ஒன்றுமில்லை. பயந்தால் ஈரக்குலை நடுங்கும், அதோடு சரி. மற்றபடி கறிக்கடையில் கால் கிலோ.

எனக்குக் கெட்டது ஈரல். மூன்று வருஷமாகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி எப்போது உள்ளே வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே கண்ணாடி ஊசியை வெந்நீரில் போட்டுப் போட்டு எல்லோருக்கும் குத்திய காலத்தில் வளர்ந்தவன் நான். இதற்கான தடுப்பூசி குழந்தைகளுக்கு நாடு முழுவதும் அட்டவணையில் வந்ததே 2011இல்தான். கிருமி பல வருஷம் சத்தமில்லாமல் இருந்தது. இப்போது ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. சிரோஸிஸ்.

அறிகுறிகள் வந்த வரிசையை எழுதிவிடுகிறேன். முதலில் உள்ளங்கை சிவந்தது, மருதாணி வைத்து அழித்த மாதிரி. பிறகு தோளிலும் கழுத்தடியிலும் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழை போன்ற கால்கள். மருத்துவத்திலும் இதற்குச் சிலந்தி என்றே பெயர். நடுப்புள்ளியைக் குண்டூசித் தலையால் அழுத்தினால் முழுதும் வெளுக்கும். எடுத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு மறுபடி ரத்தம் ஓடும். தூக்கம் வராத ராத்திரிகளில் இதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மார்பு மயிர் உதிர்ந்தது. தினம் சவரம் செய்துகொண்டவனுக்கு வாரம் ஒருமுறை போதும் என்றாயிற்று. கடைசியில் மார்பு. இடது காம்புக்கடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கெட்டி, தொட்டால் வலி. பிறகு வலது. ஆறு மாதத்தில் பனியனுக்கு மேல் தெரிந்தது. விதைகள் சுருங்கின. இச்சை அடங்கியது. மனைவி எதுவும் கேட்கவில்லை. தையற்காரரிடம் என் சட்டைகளை இரண்டு அங்குலம் தொளதொளவென்று தைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரஜன் உண்டு. ஆண் ஹார்மோனிலிருந்தே கொழுப்புத் திசுவில் அது உண்டாகிறது. வேலை முடிந்த ஹார்மோன்களைச் சிதைத்துக் கழிப்பதில் பெரும்பங்கு ஈரலுக்கு. தழும்பேறிய ஈரலுக்குள் நுழைய முடியாத ரத்தம் பக்கவழிகளில் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஈரலில் சிதைந்திருக்க வேண்டிய ஆண்ட்ரஜன் இப்படித் தப்பி, கொழுப்புக்குப் போய் ஈஸ்ட்ரஜனாகிறது. பால் ஹார்மோன்களைக் கட்டிவைக்கும் ஒரு புரதமும் ரத்தத்தில் கூடுகிறது. அது ஈஸ்ட்ரஜனைவிட டெஸ்டோஸ்டிரோனைத்தான் இறுக்கிப் பிடிக்கும். மூளையிலிருந்து விதைக்கு வரும் கட்டளையும் மந்தமாகிவிடும். இதே நோயில் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதுண்டு. இத்தாலியில் கோர்டா 1925இலும் சில்வெஸ்ட்ரினி 1926இலும் ஆண்களிடம் இந்த மாற்றத்தைக் கவனித்து எழுதினார்கள். ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். 1986இல் வெளிவந்த கோபன்ஹேகன் ஆய்வில், குடியால் ஈரல் கெட்ட 221 ஆண்களிடம் சோதித்தார்கள். ஆயுள் கூடவில்லை.

ஆக, ஆண் என்று நான் ஐம்பத்தைந்து வருஷம் நம்பி வந்த ஸ்திதி, ஒன்றரைக் கிலோ மாமிசம் என்னைக் கேட்காமல் தினமும் செய்துவந்த துப்புரவு வேலையையும் நம்பி இருந்திருக்கிறது. வேலை நின்றதும் தெரிகிறது.

எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை வருஷமாகக் குடி? இல்லை என்றால் ஒரு சிரிப்பு. 2003லிருந்து சில்லறைக் கடையை அரசே நடத்தும் மாநிலத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டிய கடலூரில் இருந்துகொண்டு, இந்தக் கேள்வியில் குற்றம் காண முடியாது. குடி ஈரலைக் கெடுப்பதோடு விதையை நேராகவும் தாக்குகிறது. ஆம்பளை என்று காட்டிக்கொள்ளக் குடிக்கிறவனுக்கு நேர்வது இது என்ற முரண் உடனே கைக்கு வருகிறது. அதை வைத்து ஒரு கவிதை பண்ணிவிடலாம். எனக்கு வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விசிறிக்கு அடியிலும் துண்டால் மார்பை மூடிக்கொண்டு வியர்த்துக் கிடந்தார். அவரிடம் முரண் எதுவும் இல்லை, வெட்கம் இருந்தது. ஈரல் நோயாளிகள் ஃபைலைக் கையில் தொங்கவிடுவதில்லை. மார்போடு அணைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான்.

வேறொரு ஊரில், ஒரு ஆஸ்பத்திரியில், டாக்டர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி எட்டுப் பத்து மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராகத் தொட்டார்கள். ஒரு பையன் மட்டும் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான்.

நண்பர்களிடம் சொன்னேன். எழுதுகிறவர்கள் ஆதலால் உடனே அர்த்தநாரி என்றார்கள். சிதம்பரத்தில் ஆடுகிறவனின் வலக்காதில் குண்டலம், இடக்காதில் தோடு. அதை எடுத்துக்காட்டி, பெருமைப்படவேண்டிய விஷயம் என்றார் ஒருவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பரிசோதனைக்குச் சிதம்பரம் போகிற நாளொன்றில் மனைவியுடன் கோயிலுக்குப் போனேன். கனகசபை மேல் ஏற ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும். படியருகில் நின்றேன். "துண்டைப் போத்திக்கிட்டு ஏறிடுங்க, யாரு பாக்கப் போறாங்க" என்றாள். நான் ஏறவில்லை. அவள் மட்டும் போய்வந்தாள். கீழே நின்றே பார்த்தேன், காதெல்லாம் தெரியவில்லை. இரு பாலும் ஓருடலில் சேர்ந்த தத்துவத்துக்கு எதிரில், இரு பாலும் ஓருடலில் சேர்ந்த ஒருவன் பொத்தானைக் கழற்ற முடியாமல் நின்றான் என்பதுதான் நடந்தது. படிமம் கல்லிலும் செம்பிலும் நன்றாக இருக்கும். அதற்குக் காம்படியில் வலிப்பதில்லை.

நோயை உருவகமாக்காதே என்று 1978இல் ஒரு புத்தகமே எழுதினார் சூஸன் ஸான்டாக். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், ஆனால் அந்தப் புத்தகத்தில் தன் நோயைச் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மதிக்கிறேன். ஆனால் என் விஷயத்தில், தமிழில், சொல்லாமல் விட்டால் அது கட்டுப்பாடாகாது. துண்டு போத்தினதாகத்தான் ஆகும். ஆகவே எழுதுகிறேன்.

அன்று திரும்பும் பாஸஞ்சரில் கிள்ளை தாண்டியதும் ஒரு திருநங்கை கைதட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். எதிரில் இருந்த பையன்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். என்னிடம் வந்தவர் கையை நீட்டாமல் என் கழுத்தடிச் சிலந்திகளையும் அணைத்துப் பிடித்திருந்த ஃபைலையும் பார்த்தார்.

"ஐயாவுக்கு ஈரலா?"

ஆமாம் என்றேன்.

"ஆல்டாக்டோன் போடறீங்களா?"

வயிற்று நீர் வற்ற எனக்குத் தந்திருந்த மாத்திரை அதுதான். நீரைப் பிரிப்பதோடு, ஆண் ஹார்மோன் போய் ஒட்டவேண்டிய இடத்தையும் அது அடைத்துவிடுகிறது. ஈரல் பாதி செய்ததை மருந்து மீதி செய்யும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்க பிள்ளைங்க காசு குடுத்து வாங்கிப் போடுதுங்களே. வலிக்குதுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற இருக்கு. நீங்களா நிறுத்திடாதீங்க."

மனைவி நகர்ந்து இடம் கொடுத்தாள். புதுச்சத்திரம் வரை உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது காசு கேட்கவில்லை.

ஒரே மாத்திரை. எனக்குப் பக்கவிளைவு, அவர் பிள்ளைகளுக்கு அதுதான் விளைவு. ரசாயனத்துக்கு இதில் அபிப்பிராயம் கிடையாது. அபிப்பிராயமெல்லாம் நம்முடையது. மூன்று வருஷத்தில் என் மார்பைப் பற்றி என்னிடம் அருவருப்போ பிரமிப்போ இல்லாமல் பேசிய முதல் ஆள் அவர்.

அடுத்த முறை டாக்டரைக் கேட்டேன். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி நின்றுவிட்டது. அளவு அப்படியே இருக்கிறது. இனிப் புதுச் சட்டையைப் பழைய அளவிலேயே தைக்கச் சொல்லியிருக்கிறேன்.