எல்லா ஸ்டூடியோவுக்கும் ஒரே ஃபைலா?

மணலூர்பேட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் கேம் ஆர்ட் வேலைக்கு முயற்சி செய்கிறான். "அண்ணா, போர்ட்ஃபோலியோ பாருங்க" என்று லிங்க் அனுப்பினான். டிராகன், ரோபோ, துப்பாக்கி, அனிமே முகம். கை நல்ல கை. யாருக்கு அனுப்பப் போகிறாய் என்றால், "எல்லாருக்கும்தாண்ணா" என்கிறான்.

2020-ல் வந்த 'ராஜி'யைப் பார்க்கச் சொன்னேன். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்தது. பஹாரி ஓவியச் சாயல், கையால் தீட்டிய டெக்ஸ்சர், ராஜஸ்தான் கோட்டைகள். 2023-ல் டொரொண்டோவின் விசை கேம்ஸ் கொண்டுவந்த 'வெண்பா' முற்றிலும் வேறு. தட்டையான 2டி, பளிச் வண்ணம், கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் இட்லியும் புட்டும். இந்த இரண்டு இடத்துக்கும் அந்த ரோபோ எதற்கு?

பெரிய நிறுவனங்களுக்கு ஆர்ட் செய்து தரும் இடம் என்றால் கதையே வேறு. பெங்களூரில் 1997-ல் தொடங்கிய துருவா அப்படி வளர்ந்ததுதான். அங்கே நம் சொந்தப் பாணியை யார் கேட்டார்கள்? ரெஃபரன்ஸில் உள்ளபடி வருகிறதா, வயர்ஃப்ரேம் சுத்தமா என்றுதான் பார்ப்பார்கள்.

"அப்ப என்னதான் வரையறது?"

தை 5-ல் நம் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா இருக்கிறதே! தீர்த்தவாரிக்கு மணலில் இறங்கும் சாமியை, ராஜிக்காரர்களுக்கு என்றால் உயரத்திலிருந்து சாய்ந்து பார்க்கும் கேமராவில் வை; குடையின் ஜரிகையில் தூரிகைத் தடம் தெரியட்டும். வெண்பாக்காரர்களுக்குக் கரும்புக் கடை போதும், நிழலைக் குறைத்துவிடு. ராஜியையே வரைந்து அனுப்பிவிடாதே, அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

டிராகனை மட்டும் எடுக்கமாட்டேன் என்கிறான். சரிப்பா, டிராகன் ஆட்டம் செய்கிறவர்களுக்கு அனுப்பும்போது சேர்த்துக்கொள் என்றிருக்கிறேன்.