தேயிலைக்கு நடுவே ஓடும் காடு: வால்பாறை ஓடைகளைக் கவனித்திருக்கிறீர்களா?

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தேயிலை. வண்டியை ஓரங்கட்டி நாலு செல்ஃபி எடுக்கத் தோன்றும். தாராளமாக எடுங்கள். எடுத்து முடித்ததும் சரிவின் அடிப்பக்கத்தை ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே ஓர் ஓடை இருக்கும். அதன் கரையில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யானைக்கும் மனிதருக்கும் இந்த ஊரில் பிழைப்பு.

சில ஓடைகளில் தண்ணீரின் விளிம்புவரை தேயிலைச் செடி இறங்கியிருக்கும். சிலவற்றில் தைலமரம் வரிசை கட்டி நிற்கும். இன்னும் சிலவற்றில் மட்டும் மரங்கள் நெருக்கியடித்து, உள்ளே வெளிச்சமே புகாமல், கொடியும் பாசியுமாக ஒரு கருப்புக் கோடு வளைந்து வளைந்து போகும். அந்தக் கோடுதான் பழைய மழைக்காட்டின் மிச்சம்.

1890-களில் தேயிலையும் காபியும் வந்தபோது இங்கிருந்த மழைக்காட்டின் பெரும்பகுதி வெட்டப்பட்டது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில், செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும் ஆங்காங்கே துண்டு துண்டாகக் காடு தப்பியது. ஆனால், சுற்றிலும் இன்றும் ஆனைமலை புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும்தான். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக யானைக்கு வேறு வழி கிடையாது. தோட்டத்தைக் கடந்துதான் ஆக வேண்டும்.

பகலில் ஆற்றோரம், இரவில் தோட்டம்

இங்கே யானைகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பகல் முழுக்க யானைகள் பெரும்பாலும் ஆற்றோர மரக்கூட்டத்திலும் காட்டுத் துண்டுகளிலும் ஒதுங்கி நிற்கின்றன. ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகே தேயிலைக்குள் நடக்கின்றன. இந்த ஊரில் யானை தாக்கி நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை, யானை இருப்பது தெரியாமல் ரோட்டிலோ ஒற்றையடிப் பாதையிலோ எதிரே போய் நின்றதால் நடந்தவை. அதனால்தான் யானை நிற்கும் இடத்தை எஸ்.எம்.எஸ், உள்ளூர் டி.வி, சிவப்பு விளக்கு வழியாகச் சொல்லும் ஏற்பாடு வந்தது. அதற்காக எம்.ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

எச்சரிக்கை மட்டும் போதுமா? பகலில் யானை ஒதுங்கி நிற்க இடமும் வேண்டுமே!

விதை பொறுக்கி வளர்த்த காடு

இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான என்.சி.எஃப்-பைச் சேர்ந்த திவ்யா முடப்பா, டி.ஆர்.சங்கர் ராமன் குழுவினர் 2000-களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். நிலம் எஸ்டேட்டுடையதுதான். கொழுந்து பறிப்பதும் நிற்கவில்லை. தேயிலை போடாத காட்டுத் துண்டுகளிலும் ஓடைக் கரைகளிலும் மட்டும் காட்டு மரங்கள் திரும்ப வருகின்றன.

வேலை நிதானமானது. சாலையோரத்தில் விழுந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கப்போகும் விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்க்கிறார்கள். உண்ணிச்செடிப் புதரைக் கையால் அகற்றுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், வெடிப்பலா, நாவல், குங்கிலியம் என ஒரே இடத்தில் பல வகைக் கன்றுகளைக் கலந்து நடுகிறார்கள். நட்டதோடு முடியாது. களை மறுபடி மூடிவிடாமல் அடுத்த சில வருடங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘சும்மா விட்டாலே காடு தானாக வளராதா?’ என்று கேட்கலாம். 2019-ல் வெளியான ஆய்வு, நட்டு 7 முதல் 15 வருடங்கள் ஆன இடங்களையும் சும்மா விட்ட இடங்களையும் ஒப்பிட்டது. நட்ட இடங்களில்தான் மர வகைகளும் அதிகம், மரங்களில் சேர்ந்திருந்த கார்பனும் அதிகம். ஆனாலும், அவை இன்னும் பழைய காட்டின் அளவுக்கு வந்துவிடவில்லை.

லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு நியாயமான பயம் ஒன்று இருக்கும்: மரம் வளர்த்தால் யானை வராதா? யானை எப்படியும் வரும். ஆற்றோரத்தில் மரமில்லை என்றால் அது பகலில் எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. விடியற்காலையில் கொழுந்து பறிக்க நடந்துபோகும் அக்காக்களுக்கு, அது ஓடைக் காட்டுக்குள் நிற்பதே நல்லது.

கீழே இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த ஓடைகள் சேரும் சோலையாறு அணையின் தண்ணீர்தான், பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் வழியாகக் கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்கு இறங்குகிறது.

அடுத்த முறை போனால் புதுத்தோட்டம் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள். அதற்கு வேண்டிய வெடிப்பலா அந்தக் காட்டிலேயே காய்க்கிறது.